வாயை மட்டும் அசைத்தால் போதும்

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதிவிட்டேன். நீங்கள் நலமாக இருப்பது போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னைத் திட்டிய தெம்பிலேயே தெரிந்தது. மாமாவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா? அவருக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் இதற்குக் கீழே இருப்பதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டாம். அவர் சிரிப்பார். அப்புறம் வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

உங்கள் அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்ப் புகார்ப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, உங்கள் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டீர்களே, சொல்லி வையுங்கள். நான் வந்துவிடுகிறேன். "ஏண்டி, வீட்டுக்கு வந்தவங்களைக்கூட வாங்கன்னு கூப்பிடக் கூச்சப்படுவே, நீ போய்ப் பாட்டு டீச்சரா?" என்று இந்த வேலையில் சேர்ந்தபோது கேட்டீர்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பேசப் பிடிக்காதவர்களுக்குப் பாடப் பிடிக்கலாம், இரண்டும் வேறு வேறு என்று பெரிதாக விளக்கினேன். இப்போது நடந்ததையெல்லாம் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள், இங்கே நான் இருக்க முடியுமா என்று.

எங்கள் பள்ளியில் பாட்டு, ஓவியம், உடற்பயிற்சி மூன்றும் சிறப்புப் பாடங்கள். சிறப்பு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இல்லாவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள் என்று அர்த்தம். உடற்பயிற்சி சாருக்கு மைதானம் இல்லை. புதுக் கட்டடத்துக்கான செங்கலை அங்கே அடுக்கி வைத்துவிட்டார்கள். கட்டடம் எப்போது வரும் என்று செங்கலுக்கும் தெரியாது. அதனால் பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்று, நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். "இதுல யார் ஜெயிச்சாங்கன்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "யாருக்கு முதல்ல மூச்சு வாங்குதோ அவன் தோத்தான் டீச்சர்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஓவிய சாரின் நிலைமை இன்னும் மோசம். யாரோ ஒரு பிள்ளையின் சீருடையில் சாயம் பட்டுவிட்டது என்று வண்ணப் பெட்டிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இப்போது பிள்ளைகள் பென்சிலால் இலை வரைந்து, அதற்குள் 'பச்சை' என்று எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு பையன் வானவில் வரைந்து ஒவ்வொரு வளைவிலும் நிறத்தின் பெயரை அழகான கையெழுத்தில் எழுதியிருந்தான். அதைப் பார்த்துவிட்டு ஓவிய சார் ஜன்னலோரமாகப் போய் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு பாதி அறை. மறுபாதி கணக்கு டீச்சருடையது. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று நிற்கிறது, ஆனால் அது கூரைவரை போகாது. அவர் பக்கத்து வாய்ப்பாடு முழுவதும் அதன் தலைக்கு மேலே ஏறி என் பக்கம் வந்து விழும். அது படிப்பு, அதனால் அதைப்பற்றி யாரும் குறை சொல்லக் கூடாது. என் பக்கத்துப் பாட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தால் மட்டும் அது இரைச்சல். முதலில் டஸ்டரால் பலகையைத் தட்டினார். குரலைக் குறைத்தோம். அப்புறம் ஒரு பிள்ளையை அனுப்பி, "இன்னும் கொஞ்சம் மெதுவாப் பாடச் சொன்னாங்க" என்று சொல்ல வைத்தார். முணுமுணுப்பாக்கினோம். அப்புறம் தலைமையாசிரியை மேடமே வந்தார். மேடம் கெட்டவர் இல்லை, அத்தை. அவருக்கு இந்தப் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு பெருமைதான் உண்டு. தெருவில் போகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளி இருப்பதே தெரியாது, அவ்வளவு அமைதி என்பார். "பக்கத்துல டெஸ்ட் நடக்குதும்மா. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சத்தமில்லாம வாயை மட்டும் அசைக்கச் சொல்லுங்க, போதும். பிள்ளைங்க மனசுக்குள்ள பாடிக்குவாங்க" என்றார். நான் சரி என்றேன். மறுநாளும் டெஸ்ட். அதற்கு மறுநாளும் டெஸ்ட். கணக்கு டீச்சர் டெஸ்ட் வைக்காத நாள் ஒன்று உண்டு, அது ஞாயிற்றுக்கிழமை.

இப்படித்தான் நான் இசையைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு வரியை நான் ரகசியம் சொல்வதுபோலப் பாடிக் காட்டுவேன். பிள்ளைகள் என் உதட்டைப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து வாயசைப்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காவது ஒரு காலத்தில் பாடிய ஞாபகம் இருக்கிறது. இந்த வருடம் வந்து சேர்ந்த ஒன்றாம் வகுப்புக்கு அதுவும் இல்லை. பாட்டு என்றாலே இதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் குறை சொல்லவில்லை, ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நன்றாகவும் செய்தார்கள் என்பதுதான் கொடுமை. அவர்களுக்காக நானே ஒரு பாட்டுக் கட்டியிருந்தேன். ஊருக்குப் போகிற எறும்பிடம் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பாட்டு. முன்வரிசையில் ஒரு பெண் உண்டு. முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால் அவளை எல்லோரும் பொக்கை என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவள் வாயசைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். கண் விரியும், புருவம் ஏறும், தலை ஆடும், பாட்டுக்கு என்னென்ன பாவம் வேண்டுமோ அத்தனையும் முகத்தில் வரும். அவளைத்தான் தலைவியாக நிறுத்தி, மற்றவர்களை அவளைப் பார்த்துச் செய்யச் சொன்னேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. சிறப்புப் பாடங்களால் பிள்ளைகளுக்கு ஏதாவது பயன் உண்டா என்று பெற்றோர் தினத்தன்று நேரில் பார்ப்பாராம். பயன் இல்லை என்று பட்டால் எங்கள் மூன்று பேருடைய பீரியடையும் எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிடுவார்களாம். எங்களை என்ன செய்வார்கள் என்று மேடத்திடம் கேட்டோம். "அதெல்லாம் இப்ப எதுக்கு யோசிக்கிறீங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் நாங்கள் மூன்று பேரும் அதை மட்டும்தான் யோசித்தோம். அதிலும் உடற்பயிற்சி சாரையும் ஓவிய சாரையும் அன்று மேடையேற்ற வழி இல்லை. நின்ற இடத்தில் ஓடுவதை யார் வந்து பார்ப்பார்கள்? ஆக எல்லாம் என் ஒன்றாம் வகுப்பின் கையில்தான். வாயில் என்று எழுத வேண்டும்.

மேடத்திடம் போய், ஒருநாளாவது பிள்ளைகளைச் சத்தமாகப் பாட வைத்துப் பழக்க வேண்டும் என்று கேட்டேன். இதைக் கேட்பதற்கே நான் எத்தனை முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன் என்பதை விட்டுவிடுங்கள். "வருஷம் பூரா பழகியிருக்காங்களேம்மா. அன்னைக்கு வாயைத் திறந்தா சத்தம் தானா வரப்போகுது. குழாயைத் திறந்தா தண்ணி வராதா?" என்றார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது என்பதை வைத்துத்தான் உங்கள் அலுவலகமே நடக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. பெற்றோர் தினத்துக்கு முந்தின நாள் பிள்ளைகளை உட்கார வைத்து, "நாளைக்கு எல்லாரும் சத்தமா, மனசு விட்டுப் பாடணும், சரியா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சத்தமில்லாமல்.

பெற்றோர் தினம். கூடம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் அதிகாரி, பக்கத்தில் மேடம், அந்தப் பக்கம் கணக்கு டீச்சர். அப்பாக்கள் பின்னால் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், கைக்குழந்தைகள் அழுதன, நாற்காலிகள் இழுபட்டன. பிள்ளைகள் மேடையேறி வரிசையாக நின்றார்கள். நான் ஓரத்தில் நின்று கையை உயர்த்தினேன். அந்த நேரம் பார்த்து மேடம் கூட்டத்தை அமைதிப்படுத்துவதற்காகத் திரும்பி, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். கூட்டம் அடங்கியது. அதே விரலோடு, அதை எடுக்க மறந்து, மேடைப் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். நான் கையை இறக்கினேன். ஒன்றாம் வகுப்பு மேடத்தின் உதட்டையும் விரலையும் பார்த்தது. பார்த்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. ஒரு சொட்டுச் சத்தமில்லை.

முதலில் ஓடிவந்தவர் மைக்செட்காரர். ஒவ்வொரு மைக்காகத் தட்டி, "ஹலோ, ஹலோ, செக்" என்றார். கூடமே அதிர்ந்தது. ஒயரைப் பிடுங்கி மாட்டினார். மறுபடி ஹலோ. மறுபடி அதிர்ந்தது. "என்னய்யா, சவுண்டே வரலே!" என்று பின்னாலிருந்து ஓர் அப்பா கத்தினார். "மைக்கு நல்லாத்தான் சார் இருக்கு, புள்ளைங்கதான் ரிப்பேரு!" என்றார் மைக்செட்காரர். மைக்கிலேயே சொன்னார். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் காதுக் கருவியைக் கழற்றி உதறி, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கையைக் கட்டிக்கொண்டார். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் பக்கத்து ஆளிடம், "என் பொண்ணு குரல் தனியாக் கேக்குது பாருங்க" என்றார். நான் ஓரத்தில் நின்று "சத்தமா, சத்தமா" என்றேன். எனக்கும் சத்தம் வரவில்லை, அத்தை. வாய்தான் அசைந்தது. என்னைப் பார்த்த பிள்ளைகள், டீச்சரும் கூடப் பாடுகிறார் என்று நினைத்து இன்னும் உற்சாகமாக வாயசைத்தார்கள். பொக்கை அன்று செய்த முகபாவம் எந்தக் கச்சேரியிலும் பார்க்கக் கிடைக்காது. பாட்டு முடிந்தது. முடிந்தது என்று எனக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரியும். வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள்.

அந்த நிமிடத்தில் நான் வேலையை மனதுக்குள் விட்டுவிட்டேன். அதோடு நின்றிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். அவர் தட்டியதும் மேடம் தட்டினார், மேடம் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். மைக்கை வாங்கி அதிகாரி பேசினார்: "நான் எத்தனையோ பள்ளிக்கூடத்துல பாட்டு கேட்டிருக்கேன். தலைவலி இல்லாம வீட்டுக்குப் போறது இதுதான் முதல் தடவை. இந்த வயசுப் பிள்ளைங்க இவ்வளவு கட்டுப்பாடா! இதுதாங்க பயன்." சிறப்புப் பாடங்கள் தொடரலாம், இதே முறையில் தொடர வேண்டும், மற்றப் பள்ளி ஆசிரியர்கள் அடுத்த வாரம் வந்து இந்தப் பயிற்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கணக்கு டீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க எவ்வளவு கோஆப்பரேட் பண்றீங்கன்னு நான் எப்பவுமே சொல்லுவேன்" என்றார். ஓவிய சாரும் உடற்பயிற்சி சாரும், வேலை தப்பியது என்று எனக்கு நன்றி சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வாடகை இருக்கிறது.

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். தோற்றுப்போனவர்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அத்தை. அந்தப் புத்தகங்களில் தோற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு கௌரவம் இருக்கும். நான் ஜெயித்திருக்கிறேன். இதற்கு என்ன கௌரவம் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததாக நினைவில்லை. ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் ஒரு வருடமாக என்னிடம் பாட்டுக் கற்றிருக்கிறார்கள், அவர்களில் ஒருவருடைய குரல்கூட எனக்குத் தெரியாது. இனி ஊரில் உள்ள மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கும் நான் இதைச் சொல்லித் தர வேண்டும். அதைவிட உங்கள் அலுவலகத்துக்கு வந்து, தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் வாய் நிறையக் கத்துவதைக் காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்கள் சத்தமாவது போடுகிறார்களே.

ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டேன். நாவல்களில் ராஜினாமா செய்கிறவர்கள் தாளை மேசைமேல் வைத்துவிட்டு மழையில் இறங்கி நடப்பார்கள். எனக்கு மேசை கொடுக்கவில்லை. மழையும் இல்லை. நாளைக் காலை மேடம் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிறேன். இந்த வார இறுதியில் பெட்டியோடு வருவேன். மாடி அறையில் மாமா போட்டு வைத்திருக்கும் பழைய பேப்பர்களை ஓரம் கட்டச் சொல்லுங்கள், காரணம் கேட்டால் தூசி என்று சொல்லுங்கள்.

மாமாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுங்கள், அலுவலகத்தில் யாரோடும் சண்டை போடாதீர்கள், போட்டால் ஜெயியுங்கள். எல்லோருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும், எனக்கு ஒரு நாற்காலி உண்டாகட்டும்.

உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், கிழிசலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை ராஜினாமாவோடு போனால் மேடம் இல்லை. அதிகாரி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். கணக்கு டீச்சரும் வரவில்லை, கடைவாய்ப்பல் பிடுங்கப் போயிருக்கிறார். பக்கத்து அறை காலி. எனக்கு முதல் பீரியட் ஒன்றாம் வகுப்பு. போகிறபோது ஒரு தடவையாவது கேட்டுவிட்டுப் போவோம் என்று, "இன்னிக்குச் சத்தமாப் பாடலாம்" என்றேன். யாரும் நம்பவில்லை. "நெசமாவா டீச்சர்? யாரும் திட்ட மாட்டாங்களா?" என்று பொக்கை கேட்டாள். நிஜம்தான் என்று சத்தியம் செய்து கொடுத்த பிறகு ஆரம்பித்தார்கள்.

அத்தை, அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்! ஆளுக்கொரு பாட்டு. ஒருத்தன் டிவி விளம்பரம் பாடினான். ஒருத்தி முதல் வரியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள், மற்ற வரிகள் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் ஒரு கூட்டமே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. பாதிப்பேர் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுப் பயந்து காதைப் பொத்திக்கொண்டார்கள். "என்னாச்சு டீச்சர், யாராவது விழுந்துட்டாங்களா?" என்று உடற்பயிற்சி சார் வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரையும் நிறுத்திவிட்டு, பொக்கையை மட்டும் தனியாகப் பாடச் சொன்னேன். "எந்தப் பாட்டு டீச்சர்?" என்றாள். "இத்தனை நாளாப் பாடினயே, அது." "நான் பாடல டீச்சர். இவளுக்கு வாயசைச்சே கதை சொல்லிட்டிருந்தேன்" என்று பக்கத்திலிருந்தவளைக் காட்டினாள். மேடையில்கூடவா என்று கேட்டேன். "ஆமா டீச்சர். பேய் கிணத்துக்குள்ள இருந்து வந்துடுச்சு, அதுக்குள்ள கும்பிடச் சொல்லிட்டீங்க." பக்கத்திலிருந்தவள், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் புகார் செய்தாள்.

முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம். மூன்று பீரியட் போய்விட்டது. மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. நடுவில் மேடம் வந்து வாசலில் நின்றார். "என்னம்மா இது?" "பாட்டு மேடம்." "இதுவா?" "இப்பதான் மேடம் ஆரம்பிச்சிருக்கோம்." "அடுத்த வாரம் எல்லா ஸ்கூல்லேர்ந்தும் பாக்க வர்றாங்கம்மா!" "வரட்டும் மேடம். கேக்கட்டும்." இதை நானேதான் சொன்னேன். மேடம் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். அநேகமாக அடுத்த வாரம் அவர்களே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தப் புகார்ப் பிரிவு இடத்தை எனக்காகப் பிடித்து வைக்க வேண்டாம், வேறு யாருக்கும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஆனால் நானாக ராஜினாமா கொடுப்பதாக இல்லை. இன்னும் இரண்டு பேர்கூட ஒரே சுருதியில் நிற்கவில்லை. இப்படி ஒரு கோரத்தைக் காதால் கேட்டுவிட்டு எழுந்து வர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் நீங்கள் மட்டும் பேசுங்கள். இன்று கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை போய்விட்டது. நான் பதில் சொல்லாவிட்டால் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.